வண்ணப்பெட்டி பிறகு, முதலில் தாள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பெரியவர்களும் வீட்டிலிருந்தே வாட்டர் கலர் பழகலாம் என்று போன ஞாயிறு இணைப்பில் ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். சந்தோஷம். ஆனால் அதில் வாங்கச் சொல்லியிருந்த சாமான்களைப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். 24 நிறங்கள் கொண்ட பெட்டி, சின்னதும் பெரியதுமாக ஒரு செட் பிரஷ், கலவைத் தட்டு, ஸ்டாண்டு என்று விரிவாக அடுக்கிவிட்டு, கடைசி வரியில் ஒரு டிராயிங் நோட்டு என்று முடித்துவிட்டார் கட்டுரையாளர். என்ன தாள், எவ்வளவு கனம் என்று ஒரு வார்த்தை இல்லை. ஐம்பது வயதுக்கு மேல் ஆசைப்பட்டு ஆரம்பிக்கிறவர்கள் ஒரே மாதத்தில் ‘நமக்குக் கை வராது’ என்று பெட்டியைப் பரணில் ஏற்றிவிடுவதற்குக் காரணமே அந்த டிராயிங் நோட்டுதான் என்பது என் கட்சி.

நான் நில அளவைத் துறையில் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவன். புலப்படம், கிராம வரைபடம் என்று வாழ்நாளெல்லாம் ஸ்கேலை வைத்துக் கோடு போட்ட கை. ஓவியன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். கண்காட்சி வைத்ததில்லை, படம் விற்றதில்லை, அந்த எண்ணமும் இல்லை. காலையில் வெயில் ஏறும் முன் தாமிரபரணிக் கரையிலோ வீட்டு மாடியிலோ உட்கார்ந்து வரைகிறேன், கலந்து பார்க்கிறேன், பூசிப் பார்க்கிறேன், அவ்வளவுதான். ஆனால் தாளைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. தாளோடுதான் சோறு சாப்பிட்டேன்.

கடையில் சாதாரணமாகக் கிடைக்கிற டிராயிங் நோட்டும் சார்ட்டும் மரக்கூழில் செய்தவை. பென்சிலுக்கும் கிரேயானுக்கும் அவை போதும். ஈரப் பிரஷ் பட்டதும் தாள் அலை அலையாக எழும்பும். எழும்பினால் பள்ளம் விழும், பள்ளத்தில் வண்ணம் தேங்கும். வானத்துக்கென்று ஒரே சீராகப் பூசிய நீலம் காய்ந்த பிறகு திட்டுத்திட்டாக நிற்கும். சரிசெய்யலாம் என்று இன்னொரு தடவை பிரஷ்ஷை ஓட்டினால் தாளின் மேல்தோல் உரிந்து திரிதிரியாக உருண்டு வரும். பழகுகிறவர் பாவம், தன் கையைத்தான் சந்தேகப்படுவார்.

வாட்டர் கலருக்கென்று செய்கிற தாள் பெரும்பாலும் 300 ஜிஎஸ்எம் கனம். ஒரு சதுர மீட்டர் தாளை நிறுத்தால் 300 கிராம் என்று கணக்கு. நாம் பிரிண்ட் எடுக்கிற ஏ4 தாள் 70, 75தான். நல்ல தாள் முழுக்கப் பருத்தியில் செய்ததாக இருக்கும். பருத்தி இழை நீளம், நனைந்தாலும் சீக்கிரம் பிய்யாது. அதற்கு மேல் ஜெலட்டினோ வேறு பசையோ ஏற்றியிருப்பார்கள். அதனால் தண்ணீர் சட்டென்று உள்ளே இறங்காமல் மேலேயே கொஞ்ச நேரம் நிற்கும். வாட்டர் கலரில் நாம் பார்த்து வியக்கிற காரியம் எல்லாம் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள்தான் நடக்கிறது. ஒரு நிறம் இன்னொன்றுக்குள் கசிவது, ஓரம் புகை மாதிரி மங்குவது, கூடிப்போன இடத்தில் பிழிந்த பிரஷ்ஷை வைத்து வண்ணத்தை உறிஞ்சி எடுப்பது, எதுவும் பசையில்லாத தாளில் நடக்காது. கடையில் சந்தேகம் வந்தால் தாளின் ஒரு மூலையில் விரல் நுனியால் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள். முத்தாக நின்றால் வாங்கலாம். உடனே கறுத்துப் பரவினால் வைத்துவிட்டு வந்துவிடலாம். கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை.

எங்கள் ஆவண அறையில் பழைய வரைபடங்கள் இருந்தன. குளத்துக்கு நீலம், நஞ்சைக்குப் பச்சை என்று கையால் வண்ணம் பூசியவை. சிலவற்றை ஜன்னலுக்கு நேரே பிடித்தால் வாட்மன் என்கிற நீர்க்குறி தெரியும். இங்கிலாந்தில் பருத்தி, லினன் கந்தல்களைக் கூழாக்கிச் செய்த தாள் அது. எத்தனை பேர் கைபட்டும், எத்தனை மழைக்காலம் கண்டும், குளத்து நீலம் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை ஒரே சீராக இருக்கும். பலகையைச் சாய்த்து வைத்து, மேலிருந்து கீழே ஈரத்தின் விளிம்பு அறுந்துபோகாமல் பிரஷ்ஷால் இழுத்துக்கொண்டே வந்தால் அப்படி விழும் என்று மூத்த வரைவாளர் ஒருவர் சொல்லிக்கொடுத்தார். வாட்டர் கலர் வீடியோக்களில் இன்று முதல் பாடமாகக் காட்டுவதும் அதே வித்தைதான்.

விலைக்கு வருகிறேன். பருத்தித் தாள் விலை அதிகம் என்று எல்லாரும் பயமுறுத்துகிறார்கள். முழுத் தாள் 22க்கு 30 அங்குலம், சில நூறு ரூபாய் ஆகும், உண்மைதான். அதை மூன்று தடவை பாதிப் பாதியாக மடித்துக் கிழித்தால் ஏழரைக்குப் பதினொன்றில் எட்டுத் துண்டு வரும். இரண்டு பக்கமும் வரையலாம், ஆக 16 படம். படம் ஒன்றுக்கு ஒரு டீயும் வடையும் சாப்பிடுகிற காசு. 24 நிறப் பெட்டியில் 18 நிறம் தொடப்படாமலே காய்ந்து வெடிப்பதைவிட இது எவ்வளவோ மிச்சம். பிரஷ்ஷைப் பழக்குவதற்கு மட்டும் என்றால் பழைய செய்தித்தாளே போதும். உங்கள் நாளிதழையும் அதற்குப் பயன்படுத்தியிருக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால் வாங்குவது எங்கே? அதுதான் என் நிஜமான மனக்குறை. எங்கள் ஊர் ஸ்டேஷனரிக் கடைகளில் மினுமினுக்கும் சார்ட் நூறு விதம் இருக்கிறது. வாட்டர் கலர் தாள் உதிரியாகக் கேட்டால், அப்படி ஒன்று உண்டா என்பதுபோல் பார்க்கிறார்கள். ஒரு கடைக்காரர் மட்டும், “கேக்க ஆள் இல்ல அண்ணாச்சி, வாங்கி வச்சா பழுத்துப் போயிரும்” என்று நியாயமாகச் சொன்னார். கேட்க ஆளில்லாததற்குக் காரணம், கேட்க வேண்டும் என்று யாரும் சொல்லாததுதான். உங்கள் கட்டுரை சொல்லியிருக்கலாம். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் 1959 முதல் கைக்காகிதம் செய்கிறார்கள். நம் பக்கத்தில் தாள் செய்யத் தெரியாதவர்கள் இல்லை. கைக்காகிதம் என்று பெயர் இருந்தாலே வாட்டர் கலருக்கு ஆகும் என்றும் நினைத்துவிடக் கூடாது. அங்கேயும் அந்த ஒரு சொட்டுத் தண்ணீர்ப் பரீட்சைதான்.

தாளுக்கு அடுத்து பென்சில். ஆபீஸில் 4எச் என்கிற கெட்டிப் பென்சிலைத்தான் ஊசியாகச் சீவி வைத்திருப்போம். வாட்டர் கலர் தாளில் அது ஆகாது. தாளைக் கீறிப் பள்ளமாக்கும், வண்ணம் அந்தப் பள்ளத்தில் இறங்கிக் கறுப்புக் கோடாகத் தெரியும். எச்பி அல்லது 2பி எடுத்து, அழுத்தாமல் வரைய வேண்டும். ஸ்கேலைத் தொடக் கூடாது. எனக்கு இதுதான் சிரமமாக இருந்தது. ஸ்கேல் இல்லாத கோடு என்றால் துறையில் மெமோ வரும்!

பழகுவதற்கு நான் திரும்பத் திரும்ப எடுத்துக்கொள்வது சுலோசன முதலியார் பாலம். திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் சேர்க்க 1843இல் தம் சொந்தப் பணத்தில் அவர் கட்டிக்கொடுத்தது என்பது ஊருக்கே தெரியும். வரைகிறவனுக்கு அது வளைவுகளின் பள்ளிக்கூடம். கரையில் சாய்வாக உட்கார்ந்து பார்த்தால் பக்கத்து வளைவு அகலமாகவும் அடுத்தடுத்தவை ஒடுங்கிக்கொண்டும் போகும். எங்கே எவ்வளவு ஒடுங்குகிறது என்பதைக் கையை நேராக நீட்டிப் பென்சிலில் கட்டைவிரலை வைத்து அளந்தால்தான் பிடிபடும். நான் அப்படி ஒரு கண்ணை மூடிக்கொண்டு அளப்பதைப் பார்த்தவர்கள், “என்ன அண்ணாச்சி, சர்வேயா? ரோட்ட அகலப்படுத்தப் போறாவளோ?” என்று கேட்டுவிட்டுப் போவார்கள். இல்லை, சும்மா படம் வரைகிறேன் என்றால் நம்புவதில்லை. ஒருவர் தன் கடை தப்புமா என்று ரகசியமாகக் கேட்டார்.

செல்போனில் வாட்டர் கலர் என்று தேடினால் தென்னை, படகு, அந்திச் சூரியன். நம் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கும் காலண்டரிலும் அதுதான். எங்கள் பக்கம் தெருவுக்கு வெளியே வந்தால் பனை நிற்கிறது. பனையோலை வட்டத்தை, அதன் அடியில் தொங்கும் காய்ந்த மட்டைகளை, வெயில் ஓலையின் ஒரு பக்கத்தில் வெள்ளையாகவே அடிப்பதை எந்த வீடியோவும் சொல்லித் தராது. போய் உட்கார்ந்து பார்த்தால்தான் உண்டு. 1792இல் டேனியல் என்கிற ஆங்கிலேய ஓவியரும் அவர் சகோதரர் மகனும் நம் திருநெல்வேலிச் சீமைக்கு வந்தார்கள். பாபநாசம் அருவிக்கு நேரே போய்ப் பென்சிலில் வரைந்து, மெலிதாக வண்ணம் ஏற்றி, ஊருக்கு எடுத்துப் போய் அச்சாக வெளியிட்டார்கள். அந்தப் படம் இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. அத்தனை தூரம் மாட்டு வண்டியும் பல்லக்குமாக வந்தவர்கள் நேரில் உட்கார்ந்து வரைந்த அருவியை, பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய நாம் போனில் பார்த்து வரைகிறோம்.

நிறங்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அல்ட்ராமரின் நீலம், செம்பழுப்பான பர்ன்ட் சியன்னா, எலுமிச்சை மஞ்சள், ஒரு கருஞ்சிவப்பு. கறுப்பு வேண்டாம், முதல் இரண்டையும் கலந்தால் கிடைக்கிற சாம்பலில் குறுக்குத்துறை முருகன் கோயில் கல் மண்டபமே அடங்கிவிடும். பருத்தித் தாளில் இந்த நீலம் பொடிப்பொடியாகத் தாளின் குழிகளில் படிவதால், ஆற்றுத் தண்ணீர் ஏறி இறங்கிச் சொரசொரத்த கல்லின் மேனி தானாகவே வந்துவிடுகிறது. அதே கலவையைச் சார்ட்டில் பூசினேன், சிமெண்டுச் சுவர்தான் வந்தது. வெள்ளையும் வேண்டாம். படித்துறையில் துவைத்துக் காயப்போட்ட வேட்டி வெள்ளையாகத் தெரிய வேண்டுமென்றால் அந்த இடத்தில் தாளைத் தொடாமல் விட்டுவிட்டுச் சுற்றிலும் பூச வேண்டும். எதை விடப்போகிறோம் என்று முதலிலேயே தீர்மானிப்பதுதான் பாதி வேலை.

இங்கே என் சோதனை ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வாட்டர் கலரில் நிறப்பொடியைத் தாளோடு பிடித்து வைப்பது வேல மரத்துப் பிசின். வெளிநாட்டு டியூபிலும் அதன் இனம்தான். நாட்டு மருந்துக் கடையில் கருவேலம் பிசின் கிடைக்கிறதே, நிறமும் நம்மிடம் இருக்கிறதே என்று தோன்றியது. திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கத்துத் தேரி என்கிற செம்மணல் மேட்டு மண்ணைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தச் சிவப்பு வேட்டியில் பட்டால் லேசில் போகாது. மணல் பரல்களின் மேல் இரும்பு ஆக்சைடு படிந்திருப்பதால் வரும் நிறம் அது. காவிக்கல்லில் இருப்பதும் இதே இரும்புதான். தேரியை ஒட்டி இருக்கும் உறவினர் தோட்டத்திலிருந்து ஒரு பை மண் வந்தது.

மண்ணைத் தண்ணீரில் நன்றாகக் கலக்கிவிட்டு, மணல் அடியில் இறங்கக் கொஞ்சம் பொறுத்து, மேலே நிற்கும் செந்நீரை மட்டும் வேறு பாத்திரத்தில் இறுத்துக்கொள்ள வேண்டும். அதையே மறுபடியும். கடைசிப் பாத்திரத்தை ராத்திரி முழுக்க அசையாமல் வைத்தால் காலையில் தெளிந்த தண்ணீருக்கு அடியில் வண்டல் படிந்திருக்கும். வெயிலில் காயவைத்தால் கன்னத்தில் பூசலாம் போன்ற மெல்லிய பொடி. பிசினை வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டி, பொடியோடு சேர்த்துக் கண்ணாடித் துண்டின் மேல் அரைத்தேன். காய்ந்து பாளம் பாளமாக வெடிக்காமல் இருக்க ஒரு சொட்டுத் தேன், பூஞ்சை பிடிக்காமல் இருக்க ஒரு சொட்டுக் கிராம்புத் தைலம். “பேரனுக்கு வச்சிருந்த தேன மண்ணுல ஊத்துதீங்களே” என்று வீட்டில் ஒரு சத்தம் வந்தது, அது தனிக் கதை. பிசின் குறைந்தால் காய்ந்த படத்தைத் தடவும்போது விரலில் சிவப்பு ஒட்டும். கூடினால் பளபளத்து வெடிக்கும். நடுவில் ஓர் அளவு இருக்கிறது. அது கைக்குத்தான் தெரியும், எழுதிக் காட்ட வரவில்லை. கிடைத்த நிறம் பர்ன்ட் சியன்னாவைவிடச் சிவப்பு, கொஞ்சம் நறநறப்பு. ஓட்டு வீட்டுக் கூரைக்கும் உழுத புஞ்சைக்கும் அப்படிப் பொருந்துகிறது.

அதை மற்ற வண்ணங்களோடு வரிசையாகத் தாள்கீற்றுகளில் பூசி, பாதியை அட்டையால் மூடி, மேற்கு ஜன்னல் கண்ணாடியில் தை மாதம் ஒட்டி வைத்தேன். ஆடியில் எடுத்துப் பார்த்தால், பிள்ளைகள் பெட்டியில் வரும் ரோஸ் நிறம் அநேகமாகக் காணாமல் போயிருந்தது. ஊதாவில் சிவப்பு போய் நீலம் மட்டும் மிச்சம். அல்ட்ராமரின் அசையவில்லை. தேரிச் சிவப்பும் அப்படியே. விலை கொடுத்து வாங்கிய நிறம் ஓடிப்போக, பையில் வந்த மண் நின்றதில் எனக்கு அற்ப சந்தோஷம்தான்.

நம் ஊர்ச் சீதோஷ்ணத்தையும் உங்கள் கட்டுரை கணக்கில் எடுத்திருக்க வேண்டும். அதில் சொன்ன காயும் நேரமெல்லாம் ஏதோ குளிர்ப் பிரதேசத்துக்கு எழுதியவை. அக்னி நட்சத்திரத்தில் எங்கள் மாடியில் பிரஷ் தாளின் மறுமுனைக்குப் போய்ச் சேரும் முன் இந்த முனை காய்ந்து கோடு விழுந்துவிடும். தாளின் இரண்டு பக்கத்தையும் முதலில் நனைத்துப் பலகையில் படியவைத்துக்கொண்டால் கொஞ்சம் தாக்குப் பிடிக்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் இதற்கு நேர் எதிர். காயவே காயாது. அரைகுறையாகக் காய்ந்த இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் அது வண்ணத்தை வெளியே தள்ளி ரம்பப்பல் மாதிரி ஓரம் கட்டிவிடும். அப்புறம் ஈரக்காற்றில் வைத்த தாளுக்குப் பசையும் செத்துப்போகும், தாள் புதிதாகத் தெரிந்தாலும் வண்ணம் புள்ளி புள்ளியாக உள்ளே இறங்கும். மழைக்காலத்தில் தாளைப் பிளாஸ்டிக் உறையில் கட்டி வையுங்கள்.

ஓவியம் தொழிலாக இல்லாதவர்கள் எதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். மதுரையைக் கோட்டோவியங்களாக வரைந்து வைத்த மனோகர் தேவதாஸ் பிழைப்புக்குப் பேட்டரிக் கம்பெனியில் வேதியியலாளராக இருந்தவர். பார்வை குறைந்துகொண்டே போகிற நோயோடு அத்தனை நுணுக்கமாகப் பேனாவில் வரைந்தார். 2020இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். மெனக்கெடுவதற்குச் சம்பளப் பட்டியலில் ஓவியர் என்று இருக்க வேண்டியதில்லை.

கடைசியாக ஒரு விண்ணப்பம், இது நேரடியாக உங்களுக்கு. பத்திரிகைகளும் வங்கிகளும் சங்கங்களும் நடத்துகிற ஓவியப் போட்டிகளில் வண்ணத்தைப் பிள்ளைகள் கொண்டுவர வேண்டும், தாளை நடத்துகிறவர்கள் தருவார்கள் என்பதுதான் நடைமுறை. தருவது மெல்லிய சார்ட். அதில் வாட்டர் கலர் பூசுகிற பிள்ளையின் படம் சுருண்டுபோகும், கிரேயானை அழுத்தித் தேய்த்த படம் பளிச்சென்று நிற்கும், பரிசும் அதற்கே போகும். அடுத்த வருடம் அந்தப் பிள்ளையும் கிரேயானோடு வருகிறது. என் பேரன் வந்தான். நீங்கள் நடத்தும் அடுத்த போட்டியில் வாட்டர் கலருக்கென்று தனிப் பிரிவு வைத்து, அந்தப் பிரிவுக்கு மட்டுமாவது கனமான தாளை ஏழரைக்குப் பதினொன்றாகக் கிழித்துக் கொடுத்துப் பாருங்கள். மேலே போட்ட கணக்குப்படி பிள்ளைக்கு ஒரு துண்டு. ஜூஸ் பாக்கெட்டை நிறுத்தினால் அதற்குச் சரியாகிவிடும்.

கடிதம் நீண்டுவிட்டது, தெரிகிறது. இடம் போதாதென்றால் டேனியலையும் தேரி மண்ணையும் தாராளமாக வெட்டிக்கொள்ளுங்கள். 300 ஜிஎஸ்எம் என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். 30 என்றோ 3000 என்றோ அச்சுப்பிழை வராமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நில அளவை வரைவாளர்,
பாளையங்கோட்டை